மேபலின் வயிறு

மேபலின் வயிற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்புறுதி இருந்தது. கால்கள், கண்கள், பற்கள், தோல், இருதயம், நுரையீரல்; அதற்கு மேல் திருட்டு, தீ, மின்னல். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மட்டும் ஒரு வரி தனியாக நின்றது: வயிற்று நோவும் அதனோடு தொடர்புடைய எதுவும் இதில் அடங்காது.

அந்தப் பக்கத்தை மேபலின் சொந்தக்காரன் தவம் தன் பென்டில் ஹில் வீட்டுக் குசினியில், ஃபிரிட்ஜ் கதவில், ஒரு காந்தத்தால் பொருத்தி வைத்திருந்தான். கட்டத்துக்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு. பன்னிரண்டு மாதம் வயிற்று நோவு இல்லாமல் இருந்து, மிருக வைத்தியர் ஒருவரின் கடிதமும் கிடைத்தால், இந்த விலக்கை நீக்குவது பற்றிக் கொம்பனி யோசிக்கும். அந்த வரியின் அடியில் சிவப்புப் பேனையால் கோடு இழுத்து, ஓரத்தில் 'ஓகஸ்ட் 8' என்று எழுதியிருந்தான். அந்தத் திகதி வரை மேபலின் வயிறு பேசாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

குதிரை வளர்க்கிறவர்களுக்கு வயிறு என்றால் பயம். குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது ஒரே வழியால்தான் வெளியே வர வேண்டும். குடல் அடைத்தால் சில வேளை மருந்தோடு போகும். குடல் சுற்றிக்கொண்டால் சத்திர சிகிச்சை. அதற்குப் பதினையாயிரம் டொலருக்கு மேல். அதில் ஆறாயிரத்தைக் குதிரையை ஆஸ்பத்திரி வாசலில் லொறியிலிருந்து இறக்க முதலே கட்ட வேண்டும். கட்ட வழியில்லாதவர்களுக்கென்று டொக்டரிடம் இன்னொரு ஊசி இருக்கும். அதோடு எல்லாம் முடிந்துவிடும். அது மலிவு. றொன் கிழவனின் தொழுவத்தில் வேலை செய்த ஆறு வருடத்தில் தவம் அந்த மலிவான ஊசியை மூன்று தரம் பார்த்திருக்கிறான். மூன்று தரமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்.

2012 கடைசியில் படகில் வந்தவன் தவம். வில்லாவுட் தடுப்பு முகாமில் எட்டு மாதம். வெளியே வந்து, பிறகு ஒருவழியாக வேலை செய்ய அனுமதியும் வந்தபோது, முகாமில் ஒரே அறையில் இருந்த சதீசன் அவனைத் தேடி வந்தான். "மச்சான், இங்கிலிஷ் தேவைப்படாத வேலை ஒண்டு இருக்கு." வேலை ரிவர்ஸ்டோனுக்கு அங்கால், றொன்னின் பந்தயக் குதிரைத் தொழுவத்தில். இரண்டாம் நாள் ஒரு குதிரை சதீசனின் தோளைக் கடித்தது. மூன்றாம் நாள் அவன் வரவில்லை. தவம் நின்றுவிட்டான். எப்படி வந்தாய், எதற்கு வந்தாய், யார் அனுப்பினார்கள் என்று குதிரைகள் கேட்கவில்லை. காலையில் வந்தாயா என்பது மட்டும்தான் அவற்றுக்கு முக்கியம்.

மேபல் அங்கே சின்ன வண்டி இழுத்துப் பந்தயம் ஓடிய குதிரை. கபில நிறம், நெற்றியில் யாரோ ஈர விரலால் துடைத்துவிட்டது போல ஒரு வெள்ளை. ஒன்பது வயதில் அவளுடைய வேகம் போய்விட்டது. அதே வருடம் றொன் காணியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றான். குதிரைகளை ஏற்ற லொறி வந்தது. ஓடக்கூடியவை எங்கே போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஓட முடியாதவை எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. மேபலின் கயிற்றைத் தவம் விடவில்லை. கிழவன் அவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஒரு டொலர் தந்துவிட்டுக் கூட்டிப்போ" என்றான். தவத்தின் பையில் இரண்டு டொலர் நாணயக் குற்றி ஒன்றுதான் கிடந்தது. கிழவனிடம் மிச்சம் கொடுக்கச் சில்லறை இல்லை. இரண்டு மடங்கு விலைக்கு வாங்கிய குதிரை என்று சதீசன் இன்றைக்கும் சொல்வான்.

அதற்குப் பிறகு தவத்துக்குச் செவன் ஹில்ஸில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் வேலை. அதிகாலையில் போய்ப் பகலில் முடியும். முடிந்த கையோடு ரிவர்ஸ்டோனுக்கு ஓடுவான். அங்கே நான்கு பேரோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்த புல்வெளியில் மேபல் வேலி ஓரமாக வந்து நிற்பாள். வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு, பொக்கற்றிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதுவான். எத்தனை வாளி குடித்தாள், எத்தனை தரம் விட்டை போட்டாள், எந்தக் காலை முதலில் தூக்கினாள். எல்லாவற்றையும் திகதி, நேரத்தோடு.

வினை வந்தது அந்தக் கொப்பியால்தான்.

போன வருடம் ஓகஸ்டில், காப்புறுதி விண்ணப்பத்தை நிரப்புவதற்குச் சதீசன் குசினிக் கதிரையில் சாய்ந்துகொண்டு போனில் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தான்.

"இந்தக் குதிரைக்கு முந்தி எப்பவாவது வயித்து நோவுக்கான அறிகுறி இருந்ததோ? இல்லை. அடுத்தது..."

"பொறு."

"என்ன பொறு?"

தவம் எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்து வந்தான். மே 14. பிற்பகல் 2.10க்கு மேபல் இரண்டு தரம் படுத்து எழும்பினாள். வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். 2.50க்கு விட்டை. பிறகு புல்லுத் தின்றாள்.

"மச்சான், நாப்பது நிமிசம் படுத்தது ஒரு வருத்தமோ? ஞாயிற்றுக்கிழமையில நான் முழு நாளும் படுக்கிறன்."

"நீ வயித்தைத் திரும்பிப் பாக்கிறேல்லை."

"எனக்கென்னத்துக்குத் திரும்பிப் பாக்க? முன்னுக்குத்தானே நிக்குது." சதீசன் தன் தொந்தியைத் தட்டிக் காட்டினான். "சரி, டொக்டர் வந்தவரோ?"

"இல்லை."

"அப்ப ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அந்தப் பதிலுக்குப் பின்னால் நான்கு வருடம் இருந்தது. விசாவுக்கான முதல் நேர்முகத்தில் தவம் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டான். ஊரில் ஒரு முகாமில் அவனைப் பிடித்து அடைத்து வைத்திருந்த இரண்டு நாள். மொழிபெயர்க்க வந்திருந்தவர் அவனுடைய தாயின் வயதுள்ள ஒரு பெண். அவருக்கு முன்னால் அந்த இரண்டு நாளைச் சொல்ல நா எழவில்லை. பிறகு சொன்னான். முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். நிராகரிப்பு, மேல்முறையீடு, நீதிமன்றம், திரும்பவும் முதலிலிருந்து. நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் அவன் மனைவி நேசமலர் கிளிநொச்சியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் தவம் கொப்பி வாங்கினான். அதன் பிறகு அவன் எதையும் விடுவதில்லை.

மே 14 முழுதாக விண்ணப்பத்தில் ஏறியது. கொம்பனி நன்றி சொல்லி, மேபலின் வயிற்றை ஒரு கட்டத்துக்குள் போட்டுத் திருப்பி அனுப்பியது.

இரண்டு மாதம் கழித்து நேசமலர் வந்து இறங்கினாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. வந்த மூன்றாம் நாள் தவம் அவளைப் புல்வெளிக்குக் கூட்டிப் போனான். அவள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, குதிரையைத் தலையிலிருந்து குளம்பு வரை பார்த்தாள்.

"இவவோ உங்கட மூத்தவ? நான் அங்க போன் லைனில நிண்ட நேரமெல்லாம் இவ இஞ்ச நிண்டு புல்லுத் திண்டிருக்கிறா."

மேபல் கழுத்தை நீட்டி அவளுடைய சால்வையின் நுனியை முகர்ந்து பார்த்தாள்.

"தொடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் நேசமலர். ஆனால் சால்வையை இழுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு நாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். "அவ எத்தினை தரம் விட்டை போட்டவ எண்டு எல்லாம் இருக்கு. நான் பன்னிரண்டு வருசமா என்ன சாப்பிட்டனான் எண்டு எங்கயாவது இருக்கோ?" அவள் பகிடி விடுகிறாள் என்று தவத்துக்குத் தெரியும். முழுவதும் பகிடி இல்லை என்றும் தெரியும்.

புல்வெளியில் ஷெரில் என்ற பெண்ணுக்கும் ஒரு குதிரை இருந்தது. மார்கழியில் அது முன் வலது காலை நொண்டியது. டொக்டர் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆஸ்பத்திரியில் இன்னொரு பெரிய ஸ்கேன், ஊசிகள். கொம்பனி எல்லாவற்றையும் கட்டியது. குதிரையும் நன்றாக நடந்தது. அடுத்த வருடக் கடிதம் வந்தபோது கட்டணம் ஒன்றரை மடங்கு. அதோடு முன் வலது கால் காப்புறுதிக்கு வெளியே. சதீசன் அதைக் கேட்டு யோசித்துவிட்டுச் சொன்னான்: "அவளுக்கு ஒரு கால் இல்லை, உனக்கு வயிறு இல்லை. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு முழுக் குதிரை வரும்."

மாதங்கள் போயின. மேபலின் வயிறு பேசவில்லை.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஜூலை நடுக் குளிர்காலம்; நான்கு நாளாகக் காலையில் உறைபனி. தவம் ஒரு மணிக்குப் போனபோது மேபல் வேலிக்கு வரவில்லை. தூரத்தில் நின்று முன்காலால் நிலத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தாள். யாரோ பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டதைப் போல.

ஓகஸ்ட் 8க்கு இன்னும் பத்தொன்பது நாள்.

தவம் முதலில் கொப்பியை எடுத்து நேரத்தை எழுதினான். 1.05. பிறகுதான் மிருக டொக்டருக்குப் போன் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் வந்து இறங்குவதற்கே இரு மடங்கு என்று போனில் சொன்னார்கள். "வரச் சொல்லுங்கோ," என்றான்.

முக்கால் மணித்தியாலத்தில் சேறு படிந்த ஒரு வாகனம் வாசலில் நின்றது. இறங்கியவள் திவ்யதர்ஷினி. ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியப் பிள்ளை; முப்பது வயது இன்னும் ஆகவில்லை. மேபலின் பல்லைப் பார்க்க இரண்டு தரம் வந்திருக்கிறாள். குதிரையின் தோளுக்குத்தான் அவளுடைய தலை வரும்.

"இன்சூரன்ஸ் இருக்காண்ணே?"

"இருக்கு. வயித்துக்கு மட்டும் இல்லை."

கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அதெப்படி வயித்துக்கு மட்டும் இல்லாமப் போகும்?"

"நான் எழுதிக் குடுத்தனான்."

"என்னன்னு?"

"நடந்ததை."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். "சரி லா," என்று சொல்லிவிட்டு மேபலின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். துடிப்பு ஐம்பத்திரண்டு; நாற்பதுக்குக் கீழே இருக்க வேண்டியது. ஈறு வெளிறவில்லை. பிறகு தோள் வரை நீண்ட உறையைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தால் கையை விட்டுப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இருட்டில் சாவியைத் தேடுகிறவளைப் போல.

"இங்க ஒண்ணு அடைச்சிருக்கு. பிசைஞ்ச மாவு மாதிரி. குடல் சுத்திக்கிட்ட மாதிரி தெரியல. ஆனா ஷுவரா சொல்ல முடியாது."

"இன்சூரன்ஸ் இருந்தால் என்ன செய்வீங்கள், டொக்டர்?"

"இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஏத்தச் சொல்வேன். ஸ்கேன், ரத்தம், டிரிப், ராத்திரி பூரா ஒரு ஆள் பக்கத்துல. கத்தியே எடுக்காம காலையில ஐயாயிரம் ஆகியிருக்கும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நானும் நீங்களும் இந்தச் சேத்துல நிக்கணும்."

"ரெண்டில எது சரி?"

திவ்யதர்ஷினி உறையைக் கழற்றினாள். "அதை யாரும் கேக்கறதில்லண்ணே. இருக்கா இல்லையான்னுதான் பேச்சு." கொஞ்சம் யோசித்தாள். "எப்பலேர்ந்து தண்ணி கொறைச்சா? சும்மா ஒரு அளவு சொன்னாப் போதும்."

தவம் கொப்பியை நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நான் தமிழ்ப் பள்ளியிலதான் படிச்சேன். மெதுவா வாசிப்பேன், சிரிக்கக் கூடாது." எழுத்துக் கூட்டியது போல வாசித்தாள். "புதன், இரண்டரை வாளி, விட்டை எட்டு. வியாழன், உறைபனி, ஒன்றரை வாளி, விட்டை ஏழு. வெள்ளி, ஒரு வாளி, விட்டை ஆறு, சின்னது. சனி, முக்கால் வாளி, விட்டை நாலு, காய்ந்தது." கொப்பியை மூடாமலே நிமிர்ந்தாள். அவளுடைய முகம் மாறியிருந்தது.

"குடல் சுத்திக்கிட்டா மூணு நாள் சொல்லிட்டு வராதுண்ணே. இது கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கிட்டு வந்த அடைப்பு. தண்ணி ஜில்லுனு இருந்திருக்கு, இவ குடிக்கல. மூக்கு வழியா குழாய் விட்டுத் தண்ணியும் உப்பும் ஏத்தலாம். அஞ்சு மணி வரைக்கும் பாப்போம். துடிப்பு அறுபதைத் தாண்டினாலோ, வலி மருந்துக்கு அடங்காமப் போனாலோ முடிவெடுக்கணும். ரெண்டே முடிவுதான். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்றான் தவம். நாலாம் தரமும் அந்தக் கயிற்றைப் பிடிக்கப் போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் அதை அவன் தீர்மானிக்க முடியாது என்பதும் தெரியும்.

டொக்டர் வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும் என்றாள். புல்வெளியில் ஒரு குழாய்தான். அதில் வருவது பனி. தவம் வீட்டுக்கு அடித்தான். இரண்டே முக்காலுக்குச் சதீசனின் கார் வந்தது. பின் கதிரையில் நேசமலர். மடியில் போர்வையால் சுற்றிய பெரிய பானையைக் கட்டிப்பிடித்திருந்தாள். ஆவியில் கார்க் கண்ணாடி முழுவதும் மங்கிப்போயிருந்தது.

"கலியாண வீட்டுக்குச் சாம்பார் கொண்டுபோற மாதிரி வந்தம்," என்றான் சதீசன். "ஒவ்வொரு வளைவிலயும் இவ என்னை ஏசினவ."

முதல் தரமாக நேசமலர் வேலிக்கு உள்ளே வந்தாள். டொக்டர் மேபலின் மூக்குக்குள் குழாயை விட்டு மெதுமெதுவாக இறக்க, தவம் தலையைப் பிடித்தான். வாளியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சதீசன் தன் தோளைத் தடவிக்கொண்டு பின்னால் போனான். நேசமலர் சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைப் பிடித்தாள். தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

குழாயை எடுத்த பிறகு காத்திருப்பு. வாகனத்தின் பின்பலகையில் சாய்ந்துகொண்டு நேசமலர் கேட்டாள். "டொக்டர், குறை நினைக்காதேங்கோ. ஏன் இதுக்கு இவ்வளவு காசு?"

"நானே யோசிப்பேன் அக்கா. ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் பூரா நான் ஒரே ஆள். வண்டி, பெட்ரோல், மருந்து, நான் படிச்ச கடன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இன்சூரன்ஸ் இருக்கறவங்க எல்லாத்தையும் பண்ணுங்கன்னு சொல்றாங்க. எல்லாம் பண்ணணும்னா மெஷின் வாங்கணும். வாங்கின மெஷினுக்குத் தீனி போடணும். அப்பறம் இன்சூரன்ஸ் இல்லாதவனுக்கும் அதே விலைதான். கம்பெனிக்காரன் பாக்கறான், பில்லு ஏறுது, அவனும் ஏத்தறான். கட்ட முடியாதவங்க விட்டுட்டுப் போறாங்க. மிச்சம் இருக்கறவங்களுக்கு இன்னும் ஏறுது."

"அப்ப ஆற்ற பிழை?"

"ஒருத்தர்னு சொல்ல முடிஞ்சா நல்லா இருக்கும் அக்கா."

மூன்றே முக்காலுக்கு மேபல் படுத்தாள். தவம் அவளை எழுப்பி நடத்தினான். வேலி ஓரமாகப் போய், கொட்டிலைச் சுற்றி, திரும்ப. துடிப்பு ஐம்பத்தாறு. டொக்டர் இரண்டாம் தரம் குழாய் விட்டாள். சதீசன் பானையோடு பக்கத்துப் பெற்றோல் நிலையத்துக்குப் போய்க் கெஞ்சிச் சுடுதண்ணீர் வாங்கி வந்தான். நாலரைக்கு வெளிச்சம் மஞ்சளாகிப் புல்லின் மேல் சாய்ந்தது. நேசமலர் கணவனுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே மேபலோடு பேசத் தொடங்கினாள்.

"போடு பிள்ளை. எல்லாரும் உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம். வெக்கப்படாத. எனக்கும் ஆக்கள் பாத்தால் ஒண்டும் ஓடாது."

நாலு ஐம்பதுக்கு டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். தவம் பார்க்கவில்லை. அவன் மேபலின் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தான். மடிந்து கிடந்த அவற்றில் ஒன்று மெல்ல முன்னே திரும்பியது. மேபல் நின்றாள். வாலைத் தூக்கினாள். முதலில் இரண்டு கரிய உருண்டைகள். கொஞ்சம் பொறுத்து ஒரு குவியல்.

திவ்யதர்ஷினி குந்தியிருந்து ஒன்றை உடைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். தவம் மேபலின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்; திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு விசா வந்திட்டுதெண்டு சொன்ன நாளில கூட இந்த மனுசன் இப்பிடிச் சிரிக்கேல்லை," என்றாள் நேசமலர் டொக்டரிடம். "வீடியோவில பாத்தனான்."

பில் ஆயிரத்து எண்ணூற்று எழுபது டொலர். தவம் பணப்பையை எடுத்தான். அதற்குள் நேசமலர் தன் அட்டையை நீட்டிவிட்டாள். பென்டில் ஹில் கடை ஒன்றின் பின்பக்கத்தில் ஐந்து மாதமாக றோல்ஸ் பலகாரம் சுருட்டி உழைத்த காசு அதில் இருந்தது.

"மலர், வேண்டாம்."

"பேசாமல் இருங்கோ. சக்களத்தி எண்டாலும் வீட்டு ஆள்தானே."

மெஷின் ஒரு சின்னச் சத்தம் போட்டது.

அடுத்த நாள் பின்னேரம் மூவரும் குசினியில் இருந்தார்கள். சதீசன் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தபடி தேநீரை ஆற்றினான்.

"மச்சான், பதினெட்டு நாள். வாயை மூடிக்கொண்டிரு. எட்டாம் திகதி புது டொக்டர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லு. குதிரை நல்லா நிக்குது எண்டு எழுதித் தருவார். கட்டம் போயிடும். பிறகு உண்மையா குடல் சுத்தினால் பதினையாயிரத்தையும் அவங்கள் கட்டுவாங்கள். நேற்று அந்தப் பிள்ளை கடிகாரத்தைப் பாத்தது உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப?"

தவம் கொப்பியை மேசையில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் முழுவதும் எழுதியிருந்தது. அடுத்த முறை அடைப்பாக இல்லாமல் இருக்கலாம். அப்போது காப்புறுதி இல்லையென்றால் அந்தக் கயிறு. இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கயிறு வராமல் போகலாம். இவ்வளவும் அவனுக்குத் தெரியும். அதோடு, ஒரு நாள் யாரோ ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்பதும் தெரியும். அந்த நாளில் மேபல் லொறிக்குள் நின்றுகொண்டிருப்பாள்.

அவன் நேசமலரைப் பார்த்தான். சொல்லாமல் விட்ட அந்த இரண்டு நாளுக்கு அவனைவிட அதிகமாக விலை கொடுத்தவள் அவள்தான்.

நேசமலர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எழுதாமல் விட்டு நாலு வருசம் போச்சுது. எழுதினால் என்ன போகுது எண்டு ஒருக்காப் பாப்பம்."

"ரெண்டும் பைத்தியம்," என்றான் சதீசன். பிறகு பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தான். "சொல்லு, ரைப் பண்ணுறன்."

தவம் சொன்னான். இலக்கமிட்ட பந்திகளாக, ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம். வக்கீல்களிடம் பார்த்துப் பழகியது. நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, ஏன் நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்கிறோம். உறைபனி நாளில் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஊறவைத்த தீன். திவ்யதர்ஷினி ஒரு கடிதம் கொடுத்தாள். கொப்பியின் பக்கங்களை வரி வரியாக ஆங்கிலத்தில் எழுதியும் தந்தாள். அதற்கு அவள் காசு கேட்கவில்லை. "தமிழ் எழுத்து மறந்து போகாம இருக்கும்லண்ணே," என்றாள்.

பத்து நாளில் பதில் வந்தது. விலக்கு நீடிக்கும். பன்னிரண்டு மாதம் ஜூலை 20இலிருந்து மீண்டும் தொடங்கும்.

சதீசன் வாசித்துவிட்டுத் தலையில் கையை வைத்தான். தவம் கடிதத்தை வாங்கி மறுபக்கத்தைத் திருப்பினான். சின்ன எழுத்தில், முடிவில் திருப்தி இல்லாவிட்டால் மீளாய்வு கேட்கலாம் என்று இருந்தது.

"முதல் தரம் இல்லையெண்டுதான் சொல்லுவினம்," என்றான். "எழுது. ஒன்று..."

மீளாய்வுக்குப் பதில் வரச் செப்டம்பர் ஆகிவிட்டது. அதுவரை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, நேசமலர் காய்ச்சி வைத்திருக்கும் தண்ணீரைப் பெரிய பிளாஸ்க்குகளில் ஊற்றிக்கொண்டு ரிவர்ஸ்டோனுக்குப் போனான். மேபல் மூக்கை வாளிக்குள் விட்டுக் கடைசித் துளி வரை உறிஞ்சினாள்.

கடிதம் சின்னதுதான். பதிவுகள் வழக்கத்துக்கு மாறாக முழுமையாக இருந்தன. நோவுக்கான காரணமும் தெளிவு. எனவே விலக்கு இருக்கும். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குப் பதிலாக ஆறு மாதத்தில், ஜனவரி 20இல், அதை நீக்குவது பற்றி யோசிப்பார்கள்.

"இதுக்கோ இவ்வளவு பாடு?" என்றான் சதீசன். "ஆறு மாதம் குறைச்சதுக்கோ?"

"ஆறு மாதம் எல்லாம் ஒரு காலமோ, மச்சான்?" தவம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தைத் தூக்கி, பழைய பக்கத்தில் 'ஓகஸ்ட் 8'ஐ வெட்டிவிட்டு, 'ஜனவரி 20' என்று எழுதினான். அந்த ஆறு மாதத்திலும் ஏற்கனவே இரண்டு மாதம் போய்விட்டிருந்தது.

புல்வெளியிலிருந்து திரும்பி வந்து சாப்பிட்ட பிறகு, கொப்பியில் அன்றைய வரியை எழுதினான். இரண்டரை வாளி. விட்டை எட்டு. பேனையை மூடப் போனவன், மூடாமல், கீழே இன்னொரு வரி எழுதினான். மலர்: புட்டு, மீன் குழம்பு.

கோப்பைகளை எடுக்க வந்த நேசமலர் அவனுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நேரம் எடுத்து வாசித்தாள்.

"மீன் இல்லை, இறால்," என்றாள். "எழுதிறதைச் சரியா எழுதுங்கோ."

தவம் வெட்டிவிட்டு இறால் என்று எழுதினான்.